ஓவனில் காயவைக்கக் கூடாத அமிலம்

சாருடைய அறைக் கதவு மழைக்காலத்தில் ஊதிப்போய் நிலையில் உரசும். தோளால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சாத்த முடியும். சாத்தும்போது கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் அவருடைய மொழி மாறிவிடும். வகுப்பிலும் கருத்தரங்கிலும் ஆங்கிலம், வராந்தாவில் மலையாளம், கதவு சாத்தியபின் தமிழ். எங்கள் வேதியியல் துறையில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் அவரும் நானும் மட்டும்தான். அவர் நாஞ்சில் நாட்டுக்காரர். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் தலைமுறைகளாகக் குடியிருந்தது. அப்பா ஒரு பாத்திரக் கடையில் கணக்கர். ஆராய்ச்சிக்கு இடம் கேட்டுப் போன முதல் நாள், சார் கதவைச் சாத்திவிட்டு, "வா மக்ளே, இரி. நம்ம ஆளுகளுக்கு நாமதான செய்யணும்" என்று சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தை இன்று நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது. நல்லதும் கெட்டதுமாக அவர் என்னிடம் சொன்னவை எல்லாம் அந்த அறைக்குள்தான், அந்தத் தமிழில்தான் சொல்லப்பட்டன. வெளியில் யார் காதில் விழுந்திருந்தாலும் பாதிதான் புரிந்திருக்கும்.

சாரை மோசமான ஆசிரியர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கரும்பலகைக்கு முன்னால் அவரைப்போல நின்றவரை நான் பார்த்ததில்லை. "ரெண்டு பொருள். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை. எரிச்சா ஒரே கார்பன் டை ஆக்சைடு, ஒரே தண்ணீர். பிறகு ஏன் ஒண்ணுல மட்டும் சூடு கூட வருது?" என்று கேட்டுவிட்டு, சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய்விடுவார். பதில் வரும்வரை திரும்பமாட்டார். ஒவ்வொரு பிணைப்பையும் உடைக்க இவ்வளவு ஆற்றல் என்று அட்டவணை இருக்கிறது. உடைவதையும் புதிதாக உண்டாவதையும் கூட்டிக் கழித்தால், ஒரு வினையில் எவ்வளவு வெப்பம் வெளிவரும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அளந்து பார்த்தால் பல நேரம் கணக்கு உதைக்கும். மூன்று கார்பன்களை இழுத்துப் பிடித்து முக்கோணமாகக் கட்டிய சைக்ளோபுரொப்பேன், எரியும்போது கணக்கைவிட அதிக வெப்பம் தரும். பென்சீனில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் எதிர்பார்த்ததைவிட நன்றாகக் குறைந்த வெப்பமே வரும், ஏனென்றால் அதன் எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கப் பரவி ஏற்கெனவே சௌகரியமாக இருக்கின்றன. அட்டவணைக்கும் அளவுக்கும் நடுவே விழுகிற அந்த இடைவெளியில்தான் மூலக்கூறின் வடிவம் இருக்கிறது என்பார் சார். பொருள் திண்மமா, நீர்மமா, வாயுவா என்று குறிக்காமல் ஒரு வெப்ப அளவை எழுதினால் தாளைத் தூக்கி எறிவார். எண்ணுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் அவர்.

என் ஆராய்ச்சியும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான். மலேயிக் அமிலம், ஃபியூமரிக் அமிலம் என்று இரண்டு உண்டு. அணுக்களில் ஒரு வித்தியாசமும் கிடையாது. மலேயிக்கில் இரண்டு அமிலத் தொகுதிகளும் ஒரே பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், பஸ் சீட்டில் பருத்த ஆட்கள் இரண்டு பேர் மாட்டிக்கொண்டதுபோல. ஃபியூமரிக்கில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தாராளமாக இருக்கும். எரித்தால் நெருக்கத்தில் இருப்பது கொஞ்சம் கூடுதலாக வெப்பம் தரும். இது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். இந்த ஜோடியின் உறவுக்காரப் பொருள்கள் சிலவற்றை நானே தயாரித்து, மூலக்கூறில் பருத்த தொகுதி ஒன்று கூடுதலாக ஏறினால் அந்த வித்தியாசம் எவ்வளவு கூடும் என்று அளப்பது என் வேலை. பொடியை அழுத்தி வில்லையாக்கி, மெல்லிய கம்பியில் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, கனத்த எஃகுக் கலத்தில் ஆக்சிஜனை அடைத்து, அதைத் தண்ணீருக்குள் இறக்கி, மின்சாரம் கொடுத்து எரிக்க வேண்டும். தண்ணீரின் சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதை நீளமான வெப்பமானியில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். பாதரசம் குழாயில் ஒட்டிக்கொள்ளும், அதனால் ஒவ்வொரு முறையும் பென்சிலால் மெல்லத் தட்டிவிட்டுத்தான் படிப்பேன். அந்தத் தட்டல் என் விரலில் இன்னும் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், அலமாரியில் செருப்பு பூஞ்சை பூக்கும். எங்கள் துறையில் அதற்கு ஒரே வைத்தியம்தான், ஓவன். மழை தொடங்கியதும் எல்லாம் அதற்குள் போகும். கண்ணாடிக் குடுவை, வடிதாள், உப்புகள், ஒருமுறை யாரோ நனைந்த சாக்ஸையும் வைத்தார்கள். ஈரத்தைக் கண்டால் ஓவன் கதவைத் திறப்பது எங்களுக்குக் கை தன்னால் செய்கிற காரியம். வறண்ட ஊரில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் புத்தி வராது. ஆனால் என் பொருளை ஓவனில் வைக்கக் கூடாது. நெருங்கியிருக்கும் இரண்டு அமிலத் தொகுதிகள் சூடுபட்டால் தங்களுக்குள்ளிருந்தே ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டு, வளையமாகக் கைகோத்து அன்ஹைட்ரைடு என்ற வேறு பொருளாகிவிடும். அதனால் நான் டெசிக்கேட்டர் என்ற மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் காற்றை உறிஞ்சிவிட்டு, சூடில்லாமல் நாள்கணக்கில் காயவைத்துக்கொண்டிருந்தேன். சாருக்கோ வெளியூரில் கருத்தரங்கு நெருங்கிக்கொண்டிருந்தது. "டெசிக்கேட்டர்ல வச்சு அடைகாக்கியா நீ? ஓவன்ல வை, மக்ளே" என்றார். தண்ணீர் பிரிந்துவிடும் என்று சொன்னேன். "உருகுற சூட்டுக்குக் கீழதான வைக்கப் போறேன். நான் பாத்துக்கிடுதேன்" என்று பொடி இருந்த தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு போய் வைத்து, திருகுக் குமிழையும் தாமே திருகினார். அந்தக் குமிழ் காட்டுவதைவிட ஓவன் அதிகம் சுடும் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

இடையில் வந்த விடுமுறை முடிந்து நான் வந்து திறந்தபோது பொடி கட்டிதட்டிப்போயிருந்தது. தட்டு மூடியின் உட்புறத்தில் வெள்ளை ஊசிகள் பூத்திருந்தன. மூக்கில் சுருக்கென்று ஏறுகிற ஒரு காரல் நெடி. "கட்டியாயிருந்தா பொடிச்சுக்கோ, வில்லை போடு" என்றார் சார், கையில் ரயில் டிக்கெட்டோடு. பொடித்தேன், எரித்தேன். வெப்பம் எங்கேயோ மேலே போய் நின்றது. பாடப்புத்தக ஜோடியில் உள்ள வித்தியாசமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. திரும்பவும் எரித்துப் பார்க்கச் சொன்னார், அதே கதைதான். சார் குழந்தைபோல ஆகிவிட்டார். "பாத்தியா, வடிவம் என்ன வேலை செய்யுதுன்னு பாத்தியா!" என்று என் தோளைத் தட்டினார். துறை முழுவதற்கும் சாயாவும் பருப்புவடையும் வாங்கித் தந்தார். நெடியைப் பற்றி இரண்டு முறை வாயெடுத்தேன், இரண்டு முறையும் வடைத்தட்டை என் பக்கம் நகர்த்தினார். அன்று மாலையே தம்பானூரில் ரயிலேறினார். கருத்தரங்கில் கைதட்டல் பலமாக இருந்ததாம். அங்கிருந்தே அவர் ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையும் பிறகு அச்சில் வந்தது. அவர் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருந்தது.

அவர் ஊரில் இல்லாத நாட்களிலேயே நான் புதிதாகப் பொருளைத் தயாரித்து, டெசிக்கேட்டரிலேயே காயவைத்து எரித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பெரிய வித்தியாசம் காணாமல் போயிருந்தது. நெருக்கத்தினால் வருகிற உண்மையான கூடுதல் சின்னதாக, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. ஓவனில் வைத்த பொடியில் மீதி இருந்ததை அகச்சிவப்பு நிறமாலை எடுக்கக் கொடுத்தேன். அன்ஹைட்ரைடுக்கே உரிய இரட்டைக் கொம்பு பளிச்சென்று தெரிந்தது. நடந்தது இவ்வளவுதான். தண்ணீர் எரியாது. பொடி தனக்குள்ளிருந்த தண்ணீரை ஓவனில் விட்டுவிட்டதால், அதே எடையுள்ள வில்லையில் எரிகிற சரக்கு கூடிவிட்டது. அதனால் வந்த சூட்டைத்தான் நாங்கள் மூலக்கூறின் நெருக்கம் என்று உலகத்துக்குச் சொல்லியிருந்தோம். எனக்குப் பயமாக இருந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. சின்ன வித்தியாசம்தான் உண்மை, அதை நான் பிடித்துவிட்டேன். அன்றைய அறியாமையில் சாரும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் ஊர் திரும்பிய அன்று கதவு கிறீச்சென்று மூடியது. நிறமாலைத் தாளை மேசையில் விரித்து, "சார், ஓவன்ல வச்சது அன்ஹைட்ரைடாப் போயிட்டு" என்றேன். அவர் தாளை ஒரு பார்வைதான் பார்த்தார். புரிந்துவிட்டது. அந்தக் கணத்தை நான் நன்றாகப் பார்த்தேன், முகத்திலிருந்து இரத்தம் இறங்கித் திரும்ப ஏறியதை. புரியாமல் கத்தியிருந்தாரென்றால் என்றைக்காவது மன்னித்திருப்பேன்.

"ஆருகிட்டயாவது காட்டினியா?"

"இல்ல சார்."

"நல்லது. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள நிக்கட்டும், கேட்டியா. தீசிஸ்ல பழைய எண்ணே இருக்கட்டு."

"அது தப்பான எண்ணுல்லா சார். கட்டுரையைத் திருத்தி ஒரு குறிப்பு அனுப்பிட்டா..."

"நான் தப்பு பண்ணினேன்னு நானே எழுதி அனுப்பணுமா? வெளிய இருக்கவனுவ என்னைப் பாத்துச் சிரிக்கதுக்கா நான் உனக்கு இடம் தந்தேன்? நம்ம பிள்ளைன்னு நெனச்சேன் உன்னை."

அதற்குப் பிறகு பல வாரங்கள் அந்தக் கதவு சாத்தப்பட்டது, ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான். கடைசியில் என் ஆய்வேட்டை உண்மையான அளவுகளோடு எழுதி அவர் மேசையில் வைத்தேன். வழிகாட்டியின் கையெழுத்து இல்லாமல் அது பல்கலைக்கழகத்தின் வாசற்படியைக்கூட மிதிக்க முடியாது. "பாக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு அன்பாகச் சொன்னார். திட்டவில்லை, கிழித்தெறியவில்லை. ஏடு அவர் மேசையின் ஓரத்திலேயே கிடந்தது. அதன்மேல் சாயா டம்ளர் வைத்த வட்டங்கள் விழுந்தன. அப்பாவும் அவர் பக்கம்தான். "அவரு சொன்னபடி எழுதிக் குடுத்தா என்ன குறைஞ்சு போவுது? ஒரு எண்ணுதான? இந்த ஊர்ல நமக்குன்னு வேற யாரு இருக்கா?" என்றார். அந்த ஒரு எண்தான் என் ஆய்வேடு என்பதை நான் அவருக்கு எந்த மொழியில் சொல்வேன்? வேறு வழிகாட்டி கிடைப்பாரா என்று துறையில் இன்னொரு பேராசிரியரிடம் போய் நின்றேன். அவர் நல்லவர்தான், பதறிப்போய், "அது நிங்ஙள் தம்மிலுள்ள காரியமல்லே, குட்டி. சார் நினக்கு அச்சனெப்போலெயல்லே?" என்று, சார் உனக்கு அப்பாபோல அல்லவா, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோலச் சிரித்து அனுப்பிவைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு தமிழில் பேசிய பேச்செல்லாம் வெளியே குடும்ப விஷயமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. தகப்பனும் மகளும் சண்டை போட்டுக்கொண்டால் அயலார் யார் தலையிடுவார்கள்? உதவித்தொகை நின்றது. பதிவுக் காலமும் முடிந்தது. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சராகச் சேர்ந்தேன்.

பள்ளிக்கூட வேலை கேவலமானதல்ல, அதை நான் நன்றாகவே செய்தேன். ஆனாலும் வருடந்தோறும் வெப்பவேதியியல் பாடம் வரும்போது என் குரல் மாறிவிடும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிணைப்பு ஆற்றல்களைக் கூட்டிக் கழித்துப் போட்டுவிட்டு, அளந்த மதிப்போடு ஒத்துவரவில்லை என்று ஒரு பிள்ளை எழுந்து நின்றால், எனக்குச் சந்தோஷம் தாங்காது. ஒத்துவராததை எழுது, கீழே கோடு போடு, அதுதான் விஷயம் என்பேன். மூலக்கூறுக்கு மனசு கிடையாது, நெருக்கம் கிடையாது, நன்றி விசுவாசம் கிடையாது. இருக்கிற வடிவத்துக்கு என்ன வெப்பமோ அதைக் கொடுத்துவிட்டுப் போகும். மனிதர்களைவிட அவற்றோடு எனக்கு ஒத்துப்போனது அதனால்தானோ என்னவோ. நான் விலகிச் சில வருடங்கள் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் சாருடைய புதிய கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. அதே பொருள்கள். அந்தச் சின்ன வித்தியாசம், நான் கண்ட அதே இடத்தில். மாதிரிகள் டெசிக்கேட்டரில் வெற்றிடத்தில் உலர்த்தப்பட்டன, சூடேற்றுவது தவிர்க்கப்பட்டது என்று செய்முறையில் தெளிவாக இருந்தது. பழைய அளவு "தூய்மையற்ற மாதிரியால்" வந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி. அவர் பெயருக்குப் பின்னால் ஒரு புது மாணவரின் பெயர். நான் அந்த இதழை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கிழக்கேகோட்டை வரைக்கும் வெயிலில் நடந்தே வந்தேன். அழுகை வரவில்லை. அவர் ஒருவருக்காவது என் அளவு சரி என்று தெரியும், தெரிந்துதான் பயன்படுத்தியிருக்கிறார் என்ற ஒரு கசப்பான திருப்தி இருந்தது. இத்தனை காலம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சார் போன மாதம் இறந்துபோனார். நான் போகவில்லை. பதினாறாம் நாள் கழிந்து ஒரு போன் வந்தது. அந்தப் புது மாணவர்தான், இப்போது அவரும் பேராசிரியர். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் பாதி மலையாளம். சாருக்கு நினைவு மலர் போடுகிறார்களாம்.

"டாக்டரே, உங்க பேரு துறையோட பழைய ரெஜிஸ்டர்ல பாத்தேன். சாரோட ஆத்தியத்தெ, முதல் பேட்ச்ல நீங்க உண்டல்லோ. ஒரு பக்கம் எழுதித் தரணும்."

"நான் டாக்டர் இல்ல. முடிக்கல."

"அய்யோ, க்ஷமிக்கணும் டீச்சரே. கல்யாணம் ஆயிப் போயிருப்பீங்க." அவரே தொடர்ந்தார். "சாரோட கண்டிப்பைப் பத்தி எழுதுங்க. எனக்கு முதல் நாளே சொன்னாரு, டீச்சரே, இந்த அமிலத்தை மட்டும் ஓவன்ல வச்சிராதேன்னு. முன்னாடி ஒரு பெண்குட்டி வச்சு நாசமாக்கிச்சாம். அந்தத் தப்பு சாரோட பேர்லதான் அச்சுல வந்துச்சு. ஆனா ஒரு நாளும் அந்தக் குட்டியோட பேரை ஆருகிட்டயும் சொல்லல. எத்தனை பெரிய மனசு பாருங்க!"

குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் நான்தான் என்றேன். ஓவனில் வைத்தது நான் இல்லை, வேண்டாம் என்று சொன்னேன், தட்டை எடுத்துக்கொண்டு போய் வைத்தது சார் என்றேன். உண்மையான அளவை முதலில் எடுத்ததும் நான்தான் என்றேன். இத்தனை வருடங்களில் கதவு சாத்தாமல் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்த மனிதர், மிகவும் தணிந்த குரலில், என் மனம் நோகக் கூடாது என்ற உண்மையான அக்கறையோடு பேசினார்.

"சாரமில்ல, பரவாயில்ல டீச்சரே. பழைய காரியமல்லே. சின்ன வயசுல ஆருக்கும் ஒரு தப்பு வரும். சாரே அதை மனசுல வச்சுக்கலியே, நீங்க ஏன் வச்சுக்கணும்? அந்த ஓவன் காரியம் விட்டுடலாம், வேற என்னமாவது எழுதுங்க."

அப்படிச் சொல்லி, என்னை மன்னித்துவிட்டு, போனை வைத்தார்.